சோடா சாரும் சதுரங்கப்பட்டினத்துக் குமிழிகளும்

கடலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சத்தம் போட்டுக் கேட்பதுதான் பினாங்கில் எனக்கு வேலை. கேலிக்குச் சொல்லவில்லை, சோனார் என்பது அவ்வளவுதான். தண்ணீருக்குள் ஒரு சத்தத்தை அனுப்புவோம். அது கடல் தரையில் பட்டுத் திரும்பி வரும். வழியில் வாயுக் குமிழிகள் இருந்தால் அவற்றிலும் பட்டு, இன்னும் பலமாகத் திரும்பும். கடலடி மண்ணிலிருந்து எண்ணெயும் வாயுவும் தானாகக் கசிகிற இடங்களை இப்படித்தான் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் ஒரு மார்ச் மாதம், எங்கள் கம்பெனியின் சோனார் பெட்டியோடு என்னைச் செங்கல்பட்டுப் பக்கத்துக் கடற்கரைக்கு அனுப்பிவைத்தார்கள். நாற்பது வயது வரைக்கும் இந்தியாவை நான் பார்த்ததில்லை. போகிற இடத்தில் எல்லாரும் தமிழ் பேசுவார்கள், பிறகென்ன கவலை என்று நினைத்துக்கொண்டேன்.

கவலை கூடுவாஞ்சேரியில் ஆரம்பித்தது. ஜி.எஸ்.டி. ரோட்டில் எங்கள் கார் புகை விட்டுக்கொண்டு நின்றுவிட்டது. டிரைவர் பானெட்டைத் திறந்து பார்த்து, "அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். பத்து பேர் கூடிவிட்டார்கள். எங்கள் ஊரில் கார் நின்றால் யாரும் பக்கத்தில் வரமாட்டார்கள், ஹாரன் மட்டும் அடிப்பார்கள். இங்கே ஒருவர் எனக்குச் சோடா வாங்கிக்கொடுத்தார். இன்னொருவர் பெட்டியைத் தட்டிப் பார்த்து, "உள்ள இன்னாம்மா கீது?" என்றார்.

"கடலுக்குள்ள வாயு தேடுற மெஷின்" என்றேன்.

"வாயுவா? அதுக்கு எதுக்கும்மா மெஷினு? எங்க மாமனாரு வூட்டாண்ட வந்து பாரு" என்றார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன்.

சிரித்தாலும் அவர்தான் வழி பண்ணினார். கல்யாண மண்டபத்துக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போன ஒரு டெம்போவைக் கைகாட்டி நிறுத்தினார். கல்யாணம் சதுரங்கப்பட்டினத்தில்தான். முன்னால் டிரைவரும் கிளீனரும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் காலியாக இருந்தவை பெண்ணும் மாப்பிள்ளையும் உட்காருகிற சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் இரண்டு மட்டும். ஒன்றில் நான் உட்கார்ந்தேன். இன்னொன்றில் சோனார் பெட்டியை வைத்துக் கயிறு போட்டுக் கட்டினார்கள்.

டிரைவரும் கிளீனரும் தெலுங்கில் பேசிக்கொண்டே வந்தார்கள். பினாங்கில் எங்கள் பக்கத்து வீட்டார் தெலுங்குக்காரர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. "பெட்டியில் பிணம் கிணம் இல்லையே?" என்றான் கிளீனர். "பிணம் இவ்வளவு சின்னதாக இருக்காது" என்றார் டிரைவர். "குழந்தையாக இருந்தால்?" "அந்தம்மா முகத்தைப் பார், அழுத மாதிரியா இருக்கிறது?" நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

டச்சுக்காரர்கள் கட்டி, பாதி இடிந்து நிற்கிற கோட்டைக்கு முன்னால் எனக்காகக் காத்திருந்தார் ராஜமாணிக்கம் சார். இந்தத் தேடலுக்காக எங்கள் கருவியை வரவழைத்த விஞ்ஞானி அவர்தான். ஒல்லியான மனிதர், கட்டம் போட்ட சட்டை, கையில் குடை. வெல்வெட் நாற்காலியில் ஜம்மென்று வந்து இறங்கிய என்னைப் பார்த்து, "கருவி வருதுன்னுதான் சொன்னாங்க. கல்யாணமும் சேர்ந்து வருதுன்னு சொல்லலையே!" என்றார். அந்த நிமிடமே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

சாருக்குச் சொந்த ஊர் கரூர் பக்கம். வேலைக்காக இந்தக் கடற்கரைக்கு வந்து, குவார்ட்டர்ஸில் குடியிருந்து, மொத்த சர்வீஸையும் இங்கேயே கழித்துவிட்டார். அன்று சாயங்காலம் அவர் மனைவி சரோஜாக்கா கொடுத்த காபியும் வாழைக்காய் பஜ்ஜியும் சாப்பிட்டபடி கதையைக் கேட்டேன். எங்கள் ஊர்க் கோப்பியின் கசப்பு அந்தக் காபியில் இல்லை. நாலாவது டம்ளருக்கு அப்புறம் எங்கள் ஊர்க் கோப்பி எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோனது.

கதை இதுதான். இளம் வயதில் ஒரு நாள், பாலாறு கடலில் சேரும் இடத்துக்கு எதிரே படகில் போனபோது, தண்ணீருக்கு மேல் குமிழிகள் வரிசையாக வந்து உடைவதை சார் கண்ணால் பார்த்திருக்கிறார். பழைய ஆற்றுப்படுகை கடலுக்கு அடியில் புதைந்திருக்கிறது, அந்தச் சேறு மட்கி வாயுவாகக் கசிகிறது என்பது அவர் கணக்கு. ஆபீசில் யாரும் நம்பவில்லை. "சோடா சார்" என்று பேர் மட்டும் வைத்தார்கள். பியூன் முதல் அதிகாரி வரை அந்தப் பேர்தான். அந்த மாதக் கடைசியில் அவருக்கு ரிட்டயர்மென்ட். அதற்குள் இடத்தைக் காட்டிவிட்டால் இளையவர்கள் யாராவது அந்த ஆராய்ச்சியைத் தொடர்வார்கள். இல்லையென்றால் அது அவரோடு முடிந்தது.

"இருக்கு. நான் பாத்தேன்" என்றார் சார்.

"பாத்தாராம். கல்யாணமான நாள்ல இருந்து இதேதான் சொல்றாரு. அந்தக் கொமிழியப் பாத்த மாதிரி இவரு என்னைக்கூடப் பாத்ததில்ல" என்றார் சரோஜாக்கா.

மறுநாள் காலை படகு. சதுரங்கப்பட்டினத்துக் கரையிலிருந்து தேடத் தொடங்கி, தெற்கே பாலாற்று முகம் வரை போவது திட்டம். படகுக்குச் சொந்தக்காரர் காசிம் பாய், கடைத்தெருவில் ஹார்டுவேர் வியாபாரம். நான் பினாங்கு என்றதும், "எங்க பெரியத்தா, அத்தாவோட அண்ணன், அங்கதான் கடை வச்சிருந்தாங்க, தெரியுமா?" என்றார். தெரியாது என்று சொல்ல மனசு வரவில்லை. "பாத்த மாதிரி இருக்கும்" என்றேன். அதிலிருந்து எனக்கு மூன்று வேளையும் அவர் வீட்டுச் சாப்பாடுதான் என்று முடிவாகிவிட்டது. சரோஜாக்காவுக்கு இதில் கொஞ்சம் வருத்தம். ஆனால் காசிம் பாய் ஒரு நிபந்தனையும் போட்டார். மீன் வரத்து ஆரம்பித்துவிட்டால் படகைத் திருப்பி எடுத்துக்கொள்வார்.

படகோட்டி ஏழுமலை. கருவிக்குப் பூஜை போடாமல் படகை எடுக்கமாட்டேன் என்று நின்றார். எலுமிச்சம்பழம், கற்பூரம், சோனார் பெட்டிக்குக் குங்குமப் பொட்டு. ராஜமாணிக்கம் சார் முகம் சுளித்தார். "சத்தம் தண்ணிக்குள்ள போறது பௌதிகம்ப்பா. அதுக்கு எதுக்கு எலுமிச்சம்பழம்?"

"இருக்கட்டும் சார். உன் மிசினு உனக்கு, என் பழம் எனக்கு" என்றார் ஏழுமலை.

சோனாரில் சத்தம் எழுப்புகிற தலைப்பகுதியை ஒரு கம்பத்தின் நுனியில் மாட்டி, படகின் பக்கவாட்டில் தண்ணீருக்குள் இறக்கவேண்டும். அதை சார் யாரையும் தொடவிடவில்லை. "நீங்க ரெக்கார்டரைப் பாருங்கம்மா, கம்பத்தை நான் பாத்துக்கறேன்" என்றார். மாலையில் கரையேறும்போதும் அவரே கம்பத்தை எடுத்து, கோணிச் சாக்கைச் சுற்றி வைப்பார். எவ்வளவு பொறுப்பான மனிதர் என்று நினைத்தேன்.

ரெக்கார்டர் பழைய ரகம். ஒரு ஊசி காகிதச் சுருளில் கோடு கோடாகச் சுட்டுக்கொண்டே போகும். கருகல் வாடை வரும். விடிந்ததிலிருந்து கடல் தரை மட்டும்தான் வந்தது, மேஜை மாதிரி தட்டையாக. நாஸ்தா சாப்பிடப் படகை நிறுத்தினோம். காசிம் பாய் வீட்டு இடியாப்பமும் மீன் ஆணமும், அதாவது மீன் குழம்பும். பினாங்கில் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுகிற நாசி கண்டார் சோற்றின் குழம்புக்கு இது அக்காவா தங்கச்சியா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, காகிதம் கறுத்தது.

மேலிருந்து கீழ் வரை ஒரு கறுப்புத் தூண்! "சார்!" என்று கத்தினேன். சார் கையிலிருந்த இடியாப்பம் கடலுக்குப் போனது. அசையாமல் நின்றோம். தூண் இன்னும் கறுப்பாக வந்தது.

"குமிழி" என்றார் சார். "அம்மா, இது குமிழிதானே?"

அதன் பிறகு நாங்கள் நின்ற இடமெல்லாம் தூண்தான். நின்று, பார்த்து, ஆனந்தப்பட்டு, மறுபடி கிளம்பினோம். ஏழுமலையும் குஷியாகிவிட்டார். இந்தக் கடலில் ஒரு படகு அங்கங்கே நின்று வட்டமடித்தால் ஒரே அர்த்தம்தான். மத்தியானத்துக்குள் நாலு பக்கமும் ஃபைபர் படகுகள் வந்து எங்களைச் சுற்றிக்கொண்டன.

"அண்ணாத்த, இன்னா மாட்டிக்கிச்சு? வஞ்சிரமா?" என்று கேட்டார் ஒருவர்.

"மீன் இல்லடா, கேஸு!" என்றார் ஏழுமலை.

"கேஸா? போலீஸ் கேஸா?"

"அடுப்புல எரியுற கேஸுடா. போவியா!"

யாரும் போகவில்லை. கேஸ் என்று சொல்லி வஞ்சிரத்தை மறைக்கிறோம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

இரண்டாம் நாளும் அப்படியே. பாலாற்று முகத்துக்கு எதிரே போனோம். நின்ற இடத்திலெல்லாம் தூண் வந்தது. பசி எடுத்ததும் ஏழுமலை கரையைப் பார்த்து முழு வேகத்தில் விட்டார். அப்போது காகிதத்தில் ஒரு மெல்லிய கோடு, ஊதுபத்திப் புகை மாதிரி, தரையிலிருந்து சாய்ந்து எழுந்து பாதியிலேயே நின்றுவிட்டது. காட்டினேன். சார் எட்டிப் பார்த்து, "மீன் கூட்டமா இருக்கும், விடுங்க" என்று சொல்லிவிட்டார். அவ்வளவு அருமையான தூண்களைப் பார்த்த கண்ணுக்கு அது சோப்ளாங்கியாகத்தான் தெரிந்தது. கையடக்க ஜி.பி.எஸ். காட்டிய இட எண்களை ஒரு பழக்கத்தில் ஓரத்தில் குறித்துவைத்தேன்.

அன்று சாயங்காலம் சார் ஆபீசுக்கு போன் போட்டுவிட்டார். சோடா என்று பேர் வைத்த அதிகாரியே நான்காம் நாள் படகில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். காசிம் பாய், "எவ்ளோ நாள் வேணும்னாலும் போட்ட வச்சுக்குங்க சார். பின்னால பெட்ரோல் பங்க் கிங்க் வந்தா நம்மள மறந்துடாதீங்க" என்றார். சரோஜாக்கா பாயசம் வைத்தார். நான் மூன்று கிண்ணம் குடித்தேன்.

மூன்றாம் நாள் காலை, எங்களைச் சுற்றிக்கொண்டிருந்த படகுகளில் ஒன்றின் வலை எங்கள் கம்பத்தில் சிக்கியது. அந்தப் படகுக்காரர் கத்தினார், ஏழுமலை பதிலுக்குக் கத்தினார். "வலை கிழிஞ்சா பேஜாராயிடும்யா, தூக்கு!" சார் பதறி எழுந்து, "கம்பத்தைத் தொடாத, நான் பாத்துக்கறேன்" என்பதற்குள் ஏழுமலை கம்பத்தைத் தூக்கிவிட்டார்.

வலை வந்தது. வலையோடு, சோனார் தலைக்குச் சற்று மேலே இறுக்கிக் கட்டிய ஒரு வெட்டிவேர் மாலையும் வந்தது. ஜரிகை, குஞ்சம் எல்லாம் வைத்த பெரிய மாலை. தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கியது.

ஏழுமலை மாலையையும் சாரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஏன் சார், பௌதிகம்னியே?"

பக்கத்துப் படகுகளில் சிரிப்பு வெடித்தது. சார் தலை குனிந்துகொண்டார். "சரோஜா திருக்கழுக்குன்றம் கோயில்ல சாத்தி எடுத்துட்டு வந்தா. பூமாலைன்னா தண்ணியில அழுகிடும்னு வெட்டிவேரா பாத்து வாங்கிருக்கா. வேண்டாம்னு எப்படிச் சொல்றது? யாரும் பாக்காத மாதிரி அடியில கட்டிட்டேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெட்டிவேரின் நார்களுக்குள் காற்று மாட்டிக்கொள்ளும். படகு ஓடும்போது மாலை பின்னால் இழுபட்டுப் போய்விடும். நின்றால், நேராக சோனார் தலைக்குக் கீழே தொங்கும். சத்தம் அந்தக் காற்றில் பட்டுக் காகிதம் முழுக்கக் கறுக்கும். மாலையை அவிழ்த்தேன். கம்பத்தை இறக்கினேன். நின்ற இடத்திலேயே நின்று பார்த்தோம். காகிதத்தில் தட்டையான தரையைத் தவிர ஒன்றும் இல்லை. இரண்டு நாளாக நாங்கள் கண்டுபிடித்ததெல்லாம் சரோஜாக்காவின் மாலையைத்தான்.

கரைக்கு வரும்வரை சார் ஈர மாலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாளை அதிகாரி வருகிறார். சாரின் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

காசிம் பாய் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அன்று பார்த்துப் பிரியாணி. யாரும் தொடவில்லை. "சாப்பாடு மேல கோவம் வைக்கக் கூடாது சார்" என்று காசிம் பாய் கெஞ்சிப் பார்த்தார். எனக்குக் கையும் காலும் சும்மா இருக்கவில்லை. கூடத்தில் பாயை விரித்து, காகிதச் சுருளை முதலிலிருந்து உருட்டிக்கொண்டே போனேன். படகு நின்றபோதெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தேன். ஒவ்வொரு தூணும் நின்ற கோட்டுக்கு நேராகத்தான் இருந்தது. எல்லாம் மேலிருந்து கீழே இறங்கிய தூண்கள்.

ஒன்றைத் தவிர. அந்த ஊதுபத்திப் புகை.

அது வந்தபோது படகு முழு வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. மாலை பின்னால் இழுபட்டிருக்கும். அதோடு, அது மேலிருந்து வரவில்லை, தரையிலிருந்து எழுந்திருந்தது. நீரோட்டத்தில் சாய்ந்திருந்தது.

"சார், இது மாலை இல்ல" என்றேன்.

சார் பாயில் மண்டி போட்டு, மூக்கு காகிதத்தில் படும்படி குனிந்து பார்த்தார். "மீனா இருக்கலாம்" என்றார். ஆனால் குரலில் ஒரு சின்ன உயிர் வந்திருந்தது.

"மீனா இருந்தா நாளைக்கு அங்க இருக்காது. வாயுவா இருந்தா இருக்கும்."

சார் எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து இலை முன் உட்கார்ந்தார். காசிம் பாய் "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிப் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துவைத்தார்.

நான்காம் நாள் காலை அதிகாரி வந்து சேர்ந்தார், வெள்ளைச் சட்டை, ஷூவெல்லாம் போட்டுக்கொண்டு. "எங்கேய்யா சோடா?" என்றார் சிரித்தபடி. படகைத் தள்ளுவதற்கு முன்பே ராஜமாணிக்கம் சார் அவர் முன்னால் போய் நின்றார். "சார், முதல் ரெண்டு நாள் கிடைச்சது எதுவும் செல்லாது. கம்பத்துல நான் ஒரு மாலை கட்டியிருந்தேன். அதுதான் குமிழி மாதிரி தெரிஞ்சிருக்கு. ஒரே ஒரு இடம் மட்டும் மிச்சம். அதுவும் மீனா இருக்கலாம். வர்றதும் வராததும் உங்க இஷ்டம்." இதை அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். எனக்கு அவர் மேல் மரியாதை கூடிப்போனது. அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார், ஆனாலும் ஏறிக்கொண்டார்.

கடல் எண்ணெய் தடவின மாதிரி அமைதியாக இருந்தது. அப்படியும் அதிகாரிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. பாதி வழியிலேயே படகின் அடித்தட்டில் படுத்துவிட்டார். அந்தக் கால ஜி.பி.எஸ். அப்படி இப்படி நூறு மீட்டர் தள்ளிக் காட்டும். அதனால் முன்னும் பின்னுமாக உழுதோம். ஒன்றும் இல்லை. திரும்பி உழுதோம். ஒன்றும் இல்லை. ஏழுமலை வாய்க்குள் என்னவோ வேண்டிக்கொண்டிருந்தார்.

அப்புறம் வந்தது. தரையிலிருந்து எழுந்த மெல்லிய, சாய்ந்த கோடு. திரும்பிப் போனோம், இருந்தது. மறுபடி போனோம், இருந்தது. என்ஜினை அணைத்தோம். நின்ற படகிலும் இருந்தது.

சார் காகிதத்தைப் பார்க்கவில்லை. படகின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பாசிமணி அளவில் ஒரு குமிழி மேலே வந்து உடைந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் வரிசையாக. "ஒரே மாதிரி" என்றார். "அன்னிக்குப் பாத்த மாதிரியேதான்." அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை. நானும்தான்.

குடிதண்ணீர் பிளாஸ்டிக் குடத்தைக் காலி செய்து, கடல் தண்ணீரை நிரப்பிக் குமிழிகளின் மேல் தலைகீழாகப் பிடித்தோம். தண்ணீர் இறங்க இறங்கக் குடத்துக்குள் வாயு சேர்ந்தது. ஏழுமலையும் சாரும் மாறி மாறிப் பிடித்தார்கள். கைகள் ஓய்ந்தபோது தண்ணீருக்குள் வைத்தே வாயை மூடிக் கட்டிக் கரைக்குக் கொண்டுவந்தோம்.

மணலில் குடத்தை வைத்தபோது பாதி ஊர் கூடியிருந்தது. வஞ்சிரம் எங்கே என்று இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஏழுமலையின் பூஜைத் தீப்பெட்டியை வாங்கி, ஒரு நீளமான குச்சியின் நுனியில் துணி சுற்றிப் பற்றவைத்து சார் நீட்டினார். கட்டை அவிழ்த்ததும் 'பொப்' என்று குடத்தின் வாயில் நீலமாக ஒரு சுவாலை நின்று ஆடியது. "ஓ!" என்றது கூட்டம். மணலில் உட்கார்ந்திருந்த அதிகாரி எழுந்து நின்றார். கை தட்ட ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் சரோஜாக்கா வாசலிலேயே கேட்டார். "பாத்தீங்களா, மாலை கட்டினதாலதான் கிடைச்சுது!"

சார் என்னைப் பார்த்தார். நான் யோசித்தேன். முதல் நாள் அந்தப் பொய்த் தூண்கள் மட்டும் வராமல் இருந்திருந்தால், நாங்கள் சோர்ந்துபோய்ப் பாலாறு வரைக்கும் போயிருக்கவே மாட்டோம். காசிம் பாய் படகைத் திருப்பி எடுத்திருப்பார். "ஆமா அக்கா, மாலையாலதான்" என்றேன். சார் தலையை ஆட்டிக்கொண்டே குடையை ஆணியில் மாட்டினார்.

மறுநாள் நான் கிளம்புகிற நேரம். காசிம் பாய் கட்டிக்கொடுத்த பொட்டலங்கள் வாசலில் குவிந்திருந்தன. சரோஜாக்கா அந்த மாலையிலிருந்து ஒரு கொத்து வெட்டிவேரைப் பிய்த்து என் சோனார் பெட்டிக்குள் வைத்தார். உள்ளே டெலிபோன் மணி அடித்தது. ஆபீசிலிருந்து விடியற்காலையிலிருந்து போன் வந்தபடி இருக்கிறது, இளம் விஞ்ஞானிகள் இரண்டு பேர் அடுத்த வாரமே கடலுக்குப் போகவேண்டும் என்று அவசரப்படுகிறார்கள் என்றார் அக்கா.

ராஜமாணிக்கம் சார் நிதானமாக நடந்துபோய் ரிசீவரை எடுத்தார். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார்.

"ஹலோ" என்றார். "ஆமாமா, சோடாதான் பேசுறேன்."